மதிப்புக்கூட்டிய பொருட்களுக்கு இணையதளம்: பணம் கட்டும் முன் திட்டமிட வேண்டியவை

திருப்பூர் என்றதும் பனியன்தான் நினைவுக்கு வரும். ஆனால், 2009-ல் கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட இந்த மாவட்டத்தில் காங்கேயம் தேங்காய் எண்ணெய், மூலனூர் முருங்கை, ஊத்துக்குளி வெண்ணெய் என ஊர்ப் பெயராலேயே விற்கும் பொருட்களும் இருக்கின்றன. இவற்றை மதிப்புக்கூட்டி விற்கும் விவசாயிகள், மகளிர் குழுக்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பலரும் இப்போது கேட்கும் கேள்வி, "எங்களுக்கு ஒரு வெப்சைட் வேணும், எவ்வளவு ஆகும்?" என்பதுதான்.

விலையைக் கேட்பதற்கு முன் தீர்மானிக்க வேண்டியவை சில உள்ளன. பனியன் கம்பெனியில் துணியை வெட்டுவதற்கு முன் என்ன நூல், என்ன எடை, எத்தனை அளவு, எந்தத் தேதியில் டெலிவரி என்று ஆர்டர் ஷீட்டில் எழுதிவிடுவார்கள். சாம்பிள் ஒப்புதல் ஆன பிறகே உற்பத்தி தொடங்கும். இணையதளத்துக்கும் அப்படி ஒரு தாள் தேவை. அதில் என்னென்ன எழுத வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில், தளம் உண்மையில் தேவையா?

உங்கள் எண்ணெயை வாங்குபவர்கள் எல்லோரும் பல்லடம், அவிநாசி சுற்றுவட்டாரத்திலேயே இருந்தால், வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கும், கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்வதும் போதும். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. அவர்களுக்கு உங்களை நேரில் தெரியும்.

பெங்களூருவிலோ சென்னையிலோ இருக்கும் ஒருவர் உங்கள் செக்கைப் பார்த்ததில்லை. "இவரை நம்பிப் பணம் அனுப்பலாமா?" என்று அவர் யோசிக்கும் இடத்தில்தான் இணையதளத்துக்கு வேலை வருகிறது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்காவிட்டால், உங்கள் எண்ணெயையே வாங்கி வேறு லேபிள் ஒட்டி விற்பவரிடம் அவர் போய்விடுவார். கூடுதல் விலையும் அங்கேயே போய்விடும். எனவே தளத்தில் எதை வைப்பது, எதை விடுவது என்ற முடிவுகளை, முகம் தெரியாத ஒருவருக்கு நம்பிக்கை தருமா என்று பார்த்து எடுங்கள்.

யாருக்கு விற்கப் போகிறீர்கள்?

வீட்டுக்கு வாங்குபவர், கடைக்காரர், ஏற்றுமதியாளர் ஆகிய மூவரும் மூன்று விதமாகக் கேட்பார்கள். முருங்கை இலைப் பொடியை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு வாங்குபவர் 100 கிராம் விலையையும், எப்படிப் பயன்படுத்துவது என்பதையும் கேட்பார். கடைக்காரர் கமிஷனையும் காலாவதிக் காலத்தையும் கேட்பார். ஏற்றுமதியாளர் ஈரப்பதம், நுண்ணுயிர் அளவு, பூச்சிமருந்து எச்சம் ஆகியவற்றுக்கான ஆய்வக அறிக்கையையும், மாதம் எத்தனை கிலோ தர முடியும் என்பதையும் கேட்பார்.

மூவரையும் ஒரே முகப்புப் பக்கத்தில் திருப்திப்படுத்த முயன்றால் யாருக்கும் பதில் கிடைக்காது. முதல் ஆண்டுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். ஏற்றுமதியாளர்தான் இலக்கு என்றால் ஆன்லைன் பணப்பரிவர்த்தனையே வேண்டியதில்லை. ஆய்வக அறிக்கை, உலர்த்தும் கூடத்தின் படங்கள், தொடர்பு எண் இருந்தால் போதும். தளத்தின் செலவும் பெருமளவு குறையும்.

கேள்விகளே பக்கங்கள்

அடுத்த இரண்டு வாரங்களுக்கு ஒரு நோட்டை போன் பக்கத்தில் வையுங்கள். வாடிக்கையாளர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் அவர் கேட்ட வார்த்தையிலேயே எழுதுங்கள். அதிகம் வரும் பத்துக் கேள்விகள்தான் உங்கள் தளத்தின் உள்ளடக்கம்.

உதாரணத்துக்கு, தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழியில் பெங்களூரு வாடிக்கையாளர், "எண்ணெய் கட்டியாகிவிட்டது, கலப்படமா?" என்று கேட்பார். இது இயல்பானதே, வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும் என்று இரண்டு வரி எழுதி, உறைந்த எண்ணெயின் படம் ஒன்றையும் போட்டுவிட்டால் அந்தப் புகாரே பெரும்பாலும் வராது.

படங்களை இணையத்திலிருந்து எடுக்க வேண்டாம். உங்கள் செக்கு, உங்கள் கொப்பரைக் களம், நிழலில் காயும் உங்கள் முருங்கை இலை ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் போனிலேயே எடுக்கலாம். பொருள் படங்களுக்கு மட்டும், திருப்பூரில் ஆடைகளைப் படம் எடுத்துப் பழகிய ஸ்டூடியோக்களைப் பயன்படுத்துங்கள்.

பெயரும் உரிமையும்

தளத்தின் முகவரியைத்தான் டொமைன் என்கிறோம். போனில் ஒருமுறை சொன்னால் எதிரில் இருப்பவர் பிழையில்லாமல் எழுதும்படி அது இருக்க வேண்டும். காங்கேயம், ஊத்துக்குளி போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். ஊர்ப் பெயரைச் சேர்த்தால், அதிகம் புழங்கும் இரண்டு எழுத்துக்கூட்டலையும் வாங்கி ஒரே தளத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

அதைவிட முக்கியம், டொமைன் யார் பெயரில் பதிவாகிறது என்பது. வடிவமைப்பாளர் தன் கணக்கில், தன் மின்னஞ்சலில் பதிவு செய்துவிட்டால், நாளை அவருடன் கணக்கு முறியும்போது, லேபிளிலும் அட்டைப்பெட்டியிலும் அச்சடித்த முகவரி உங்கள் கையில் இருக்காது. புதுப்பிக்கும் தேதியைத் தவறவிட்டாலும் இதே ஆபத்துதான். சலுகை நாட்கள் முடிந்தபின் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். டொமைன், ஹோஸ்டிங் இரண்டையும் நிறுவனத்தின் மின்னஞ்சலில், நிறுவனத்தின் பணத்தில் நீங்களே வாங்குங்கள். பாஸ்வேர்டை உற்பத்தியாளர் நிறுவனத்தின் ஒரே ஒரு இயக்குநர் மட்டும் வைத்திருக்காமல், இருவர் வைத்திருப்பது நல்லது.

அனுப்பும் செலவை முன்பே கணக்கிடுங்கள்

கூரியர் நிறுவனங்கள் உண்மையான எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுகின்றன. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பரவலான கணக்கு. 30 x 20 x 15 செ.மீ. பெட்டி என்றால் 1.8 கிலோ. உள்ளே 1 கிலோ முருங்கைப் பொடிதான் இருந்தாலும் 1.8 கிலோவுக்குக் கட்டணம் தர வேண்டியிருக்கும். பொருளுக்கு ஏற்ற சிறிய பெட்டியை முதலில் முடிவு செய்து, பிறகு தளத்தில் விலையைப் போடுங்கள்.

எல்லாப் பொருளும் கூரியருக்கு ஏற்றவை அல்ல. வெண்ணெய் வெயிலில் உருகிவிடும். அதற்குத் தளத்தில் ஆர்டர் எடுத்து, குறிப்பிட்ட நாளில் அருகிலுள்ள ஊர்களுக்கு மட்டும் விநியோகிப்பதே சரி. எந்தப் பின்கோடுகளுக்கு அனுப்புவீர்கள் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

சட்டப்படி இருக்க வேண்டியவை

* உணவுப் பொருள் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு அல்லது உரிமம் கட்டாயம். அதன் 14 இலக்க எண்ணைத் தளத்திலும் போடுங்கள்.
* பொட்டலப் பொருட்களுக்கான எடையளவு விதிகள், 2011-ன்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, வரிகள் உட்பட அதிகபட்ச விலை, புகார் தொடர்பு ஆகிய விவரங்கள் லேபிளில் மட்டுமல்ல, ஆன்லைனில் விற்கும் பக்கத்திலும் தெரிய வேண்டும்.
* வரிக்குரிய பொருளை வெளிமாநிலத்துக்கு விற்றால், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜி.எஸ்.டி. பதிவு தேவை. தளம் திறக்கும் முன் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.
* 'சர்க்கரை நோயைக் குணமாக்கும்' போன்ற வாசகங்கள் வேண்டாம். உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 2018-ம் ஆண்டு விதிமுறைகள் தடை செய்கின்றன.
* 'ஆர்கானிக்' என்று போட என்.பி.ஓ.பி. அல்லது பி.ஜி.எஸ். இந்தியா சான்றிதழ் வைத்திருங்கள்.

தினமும் பார்ப்பவர் யார்?

தளத்தைக் கட்டும் செலவு ஒருமுறைதான். விலை மாற்றுவது, இருப்பு தீர்ந்தால் நிறுத்துவது, வந்த ஆர்டருக்குப் பதில் சொல்வது அன்றாட வேலை. கொப்பரை விலை ஏறும்போது தளத்தில் பழைய விலையே இருந்தால், ஒவ்வொரு ஆர்டரிலும் நட்டம், அல்லது வாடிக்கையாளரிடம் வாக்குவாதம். இதற்கு ஒருவரைப் பெயர் குறித்து நியமியுங்கள். விலையை அவரே போனிலிருந்து மாற்றும் வசதி இருக்க வேண்டும் என்பதை வடிவமைப்பாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் ஆர்டர் ஷீட்

1. முதல் ஆண்டு வாடிக்கையாளர் யார்?
2. தொடக்கத்தில் விற்கும் பொருட்கள் (ஐந்துக்கு மேல் வேண்டாம்).
3. அதிகம் வரும் பத்துக் கேள்விகளும் பதில்களும், தமிழிலும் ஆங்கிலத்திலும்.
4. டொமைன், ஹோஸ்டிங் யார் பெயரில்? புதுப்பிக்கும் தேதி என்ன?
5. பெட்டி அளவு, கூரியர் கட்டணம், அனுப்பும் பகுதிகள்.
6. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., ஜி.எஸ்.டி., லேபிள் விவரங்கள்.
7. பணம் பெறும் முறை, பொருள் சேதமானால் திருப்பித் தரும் முறை.
8. அன்றாடம் கவனிப்பவர் பெயர், ஆண்டுப் பராமரிப்புச் செலவு.

இந்தத் தாளை நிரப்பியபின் இரண்டு மூன்று வடிவமைப்பாளர்களிடம் விலை கேளுங்கள். எல்லோரும் ஒரே வேலைக்கு விலை சொல்வதால் ஒப்பிடுவது எளிது. கட்டணத்தைத் தவணையாகப் பிரித்து, மாதிரிப் பக்கத்துக்கு ஒப்புதல் தந்தபின் ஒரு பகுதி, தளம் செயல்பட்டு எல்லாப் பாஸ்வேர்டுகளும் உங்கள் கைக்கு வந்தபின் மீதி என்று பேசிக்கொள்ளுங்கள். தளத்தை வெளியிடும் முன், வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவரை அவருடைய போனிலிருந்து ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஆர்டர் போடச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் தடுமாறி உங்களுக்கு போன் செய்கிறாரோ, அந்த இடத்தை முதலில் சரிசெய்யுங்கள்.