வாயால் சொன்ன வக்ஃபு போதுமா?



"அந்தத் தென்னங்காணி பள்ளிக்கு. அதன் வருமானத்தில் ஏழைக் குமருகளைக் கரைசேர்த்து விடுங்கள்." நம் உம்மும்மாமார் இப்படிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கூட இருந்தவர்கள் கேட்டார்கள், அல்லாஹ்வும் கேட்டான். ஆனால் கேட்டவர்கள் எல்லோரும் மௌத்தான பிறகு அந்தக் காணிக்காகப் பேசப்போவது யார்?

யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இது வெறும் கேள்வியல்ல. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, சோனகத் தெருவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்ந்தவர்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். கையில் குழந்தையும் தோளில் ஒரு பையுமாக நடந்தவர்கள் காணி உறுதிகளை எங்கே தேடுவது? புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறை முதிர்ந்து மறைந்தது. 2009இல் போர் முடிந்த பின் ஊரைத் தேடிப் போன பிள்ளைகளுக்கு, எது வாப்பாவின் காணி, எது வக்ஃபுக் காணி என்று காட்டித்தர ஆளில்லாமல் போனால் என்ன செய்வது? அப்போது கடதாசிதான் பேசவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் இதற்கென இருப்பது 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம். பெயர் பெரிதாக இருந்தாலும் கருத்து நமக்குப் பழக்கமானதுதான்: அமானிதம். ஒருவர் தம் ஆதனத்தை இன்னொருவர் பெயரில் ஒப்படைக்கிறார். ஏற்றுக்கொண்டவர் அதைத் தமக்காக அல்ல, குறிப்பிட்ட மூன்றாமவரின் நன்மைக்காக நிர்வகிக்கிறார். ஒப்படைத்தவர் ஆக்கியோன், ஏற்றவர் நம்பிக்கைப் பொறுப்பாளர், நன்மை பெறுபவர் பயனாளி.

இது செல்லுபடியாக நான்கு விடயங்கள் தெளிவாக இருக்க வேண்டும். ஒப்படைக்கும் எண்ணம், அதன் நோக்கம், பயன்பெறுபவர், எந்த ஆதனம் என்பன அவை. ஆதனத்தைப் பொறுப்பாளரிடம் கைமாற்றியும் கொடுக்க வேண்டும். ஆக்கியோனே பொறுப்பாளராக இருந்தாலோ, மரண சாசனத்தால் ஏற்படுத்தினாலோ கைமாற்றம் தேவையில்லை. "ஏதாவது நல்ல காரியத்துக்கு" என்று மொட்டையாகச் சொன்னால் போதாது. "இந்த இரண்டு கடைகளின் வாடகை, ஊரிலுள்ள யத்தீம் பெண்பிள்ளைகளின் படிப்புக்கு" என்பது தெளிவு.

காணி, வீடு, கடை என்றால் வாய்ச்சொல்லை நம்பியிருக்க வேண்டாம். நொத்தாரிசு முன்னிலையில் உறுதி எழுதிக் கையொப்பமிட வேண்டும். மரண சாசனமாக எழுதுவதென்றால் நொத்தாரிசும் இரு சாட்சிகளும், அல்லது ஐந்து சாட்சிகள் வேண்டும். மார்க்கப்படி மரண சாசனம் சொத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டலாகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்படியானால் எழுதாமல் போன பழைய தர்மங்கள் எல்லாம் வீணா? இல்லை. பொதுத் தர்மம் என்றால், எழுத்து இல்லாவிட்டாலும் சூழ்நிலைகளைப் பார்த்து அது இருப்பதாக நீதிமன்றம் முடிவு செய்யலாம். ஆனால் வழக்கத்தை எடுத்துச்சொல்லச் சாட்சி வேண்டுமே! நாம் பறிகொடுத்தது அதைத்தானே!

பொறுப்பாளர் சொந்தக்காரர் அல்லர்

கணக்கு வைப்பதும், ஆதனத்தைத் தம் சொந்தப் பணத்தோடு கலக்காமல் காப்பதும் பொறுப்பாளரின் கடமைகள். அதிலிருந்து அவர் தமக்கென இலாபம் எடுக்கக் கூடாது. எத்தனை வருடம் கையில் வைத்திருந்தாலும் "ஆண்டு அனுபவித்தேன், எனக்கே சொந்தம்" என்று பயனாளிக்கு எதிராக அவர் உரிமை பேச முடியாது. அவர் மௌத்தானாலும் தர்மம் அழியாது. வேறொருவரை நீதிமன்றம் நியமிக்கலாம்.

பள்ளிவாசல்களுக்கும் வக்ஃபுகளுக்கும் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் தனியாக உண்டு. அதன்படி வக்ஃபு சபை மேற்பார்வை செய்கிறது. பிணக்குகளை விசாரிக்க, 1982ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வக்ஃபு நியாய சபையும் ஏற்பட்டது.

"இதெல்லாம் ஆண்கள் வேலை" என்று ஒதுங்காதீர்கள். உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை, விற்கவோ அன்பளிக்கவோ வாரிசாக்கவோ முடியாதபடி வக்ஃபு செய்தார்கள். அதற்கு அடுத்த பொறுப்பாளராக எழுதிவைத்தது யாரைத் தெரியுமா? தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களைத்தான்.

இன்றே செய்யுங்கள்

வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள்: எந்தக் காணி, எல்லைகள் எவை, எதற்கென்று நிய்யத்து வைத்தார்கள்? கேட்டதை எழுதித் திகதியிடுங்கள். உறுதி தொலைந்திருந்தால் மனம் தளராதீர்கள். நொத்தாரிசு அதன் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியிருப்பார். உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், ஆண்டு ஆகியவற்றில் தெரிந்ததைச் சொல்லி அங்கே பிரதி கேட்கலாம். புதிதாக எழுதும் உறுதியையும் பதிவு செய்து, பிரதியொன்றை வேறோர் ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் வைத்ததன் வலி நமக்குத் தெரியும்.

உம்மும்மாவின் நிய்யத்துக்குரிய கூலி அல்லாஹ்விடம் பத்திரமாக இருக்கிறது. அந்தக் காணியின் பலன் ஏழைப் பிள்ளையின் கைக்கு இன்னும் போய்ச்சேர வேண்டுமென்றால், அதை எழுதிக் காப்பது பேத்தியின் வேலை.