போன் ஒயரில் தப்பிய தப்பு!

குட்டீஸ்! 'கீ...ங்... கர்ர்ர்ர்...' என்று அப்பாவிடமோ, சித்தப்பாவிடமோ கத்திக் காட்டுங்கள். "அட, மோடம்!" என்பார்கள். இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15-ல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கிடைக்கத் தொடங்கியபோது, வீடுகளுக்கு அது டெலிபோன் ஒயர் வழியாகத்தான் வந்தது.

அது மனிதர்கள் பேசுவதற்காகப் போட்ட ஒயர். அதனால், கம்ப்யூட்டரின் 0, 1 எண்களை மோடம் சத்தமாக மாற்றி அனுப்பும். மறுமுனையில் இருக்கும் மோடம் அதைக் கேட்டு, திரும்பவும் எண்களாக மாற்றும். நடுவில் கரகரவென்று இரைச்சல் வந்தால்? 0 என்பது 1 ஆகிவிடும்!

இதைத் தடுக்க 1988-ல் வந்தது, 'வி.42' என்ற விதிமுறை. தகவலைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு சோதனை எண் சேர்த்து அனுப்புவார்கள். வாங்கும் மோடமும் கணக்குப் போட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால், 'திரும்ப அனுப்பு' என்று கேட்கும்.

நீங்களே விளையாடிப் பாருங்கள். நண்பனிடம் 4, 7, 2 என்று சொல்லி, கூட்டுத்தொகை 13 என்றும் சொல்லுங்கள். அவன் காதில் 4, 1, 2 என்று விழுந்தால் கூட்டுத்தொகை 7, தப்பு மாட்டிக்கொள்ளும். 5, 6, 2 என்று விழுந்தால்? அதுவும் 13! தப்பு நைசாக நழுவிவிடும். மோடம் போடும் கணக்கு இதைவிடக் கெட்டி. 16 பிட் சோதனை எண் இருந்தால், கன்னாபின்னாவென்று சிதைந்த பொட்டலங்களில் ஏறக்குறைய 65,536-க்கு ஒன்றுதான் ஏமாற்றும். ஆனாலும் அந்த 'ஒன்று' இருக்கத்தானே செய்கிறது!

இன்னொரு ஓட்டையும் உண்டு. வி.42 காவல் காத்தது இரண்டு மோடம்களுக்கு நடுவில் மட்டும்தான். மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் கேபிளுக்குக் காவலே இல்லை. பழைய கம்ப்யூட்டர்களில் இருந்த 8250 என்ற சிப், வந்த எழுத்தில் ஒன்றே ஒன்றைத்தான் பிடித்து வைத்திருக்கும். அதைக் கம்ப்யூட்டர் எடுப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டால், முதல் எழுத்து அம்போ! மோடமோ, 'நான் சரியாகத்தானே கொடுத்தேன்' என்று சும்மா இருக்கும். 16 எழுத்துகளை வைத்துக்கொள்ளும் 16550 சிப் வந்த பிறகுதான் இந்தத் தொல்லை குறைந்தது. இசட்மோடம் போன்ற பைல் அனுப்பும் முறைகள், யாரையும் நம்பாமல், தாங்களே தனியாக ஒருமுறை சரிபார்த்துக்கொண்டன.

இரைச்சல் ரொம்ப அதிகமானால், அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பி, படம் ஆமை வேகத்தில்தான் வரும். முக்கால்வாசிப் படம் வந்திருக்கும்போது, பக்கத்து அறையில் பாட்டி போனை எடுத்து "ஹலோ" என்றால், பெரும்பாலும் இணைப்பே போய்விடும். 'திரும்ப அனுப்பு' என்று கேட்கக்கூட அந்தப் பக்கம் ஆள் இருக்காது. மறுபடியும் முதலிலிருந்து... கீ...ங்... கர்ர்ர்ர்...!