வேர் ஒன்று, வன்தட்டு இரண்டு

நுழையும்முன்

கல்லில் செதுக்கியவற்றையும் கடற்காற்று அரிக்கிறது. அவற்றைப் படம்பிடித்துக் கணினியில் காப்பது இக்காலத்தின் ஆவணப்பணி. படங்கள் பெருகப் பெருகக் கணினியில் இடம் குறைகிறது. புதிய இடத்தைச் சேர்க்கும் முறையை அறிவோம்.

செங்கல்பட்டு மாவட்டத்தின் மாமல்லபுரச் சின்னங்களை யுனெஸ்கோ 1984ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது. 2004 டிசம்பர் 26 அன்று இக்கரையைத் தாக்கிய ஆழிப்பேரலை மணலை அரித்துச் சென்றபின், அதுவரை புதைந்திருந்த சிற்பங்கள் சில வெளிப்பட்டன. மாறிக்கொண்டே இருக்கும் இத்தகைய கரையில், இன்று எடுக்கும் படம் நாளைய ஒப்பீட்டுக்குச் சான்றாகிறது. இம்மாவட்டப் பள்ளி ஒன்றின் மாணவர்கள் அப்படங்களை லினக்ஸ் இயங்கும் கணினியில் தொகுக்கிறார்கள் எனக் கொள்வோம். வன்தட்டு நிறைந்துவிட்டது. கணினியை மாற்ற வேண்டியதில்லை. இரண்டாவது வன்தட்டைப் பொருத்தினால் போதும்.

கோப்பு மரம்

விண்டோஸ் இயங்குதளத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் தனி எழுத்து வழங்கப்படும். 1969இல் பெல் ஆய்வகத்தில் தோன்றிய யூனிக்ஸும் அதன் வழிவந்த லினக்ஸும் வேறு நெறியைப் பின்பற்றுகின்றன. இவற்றில் கோப்புகள் அனைத்தும் 'வேர்' எனப்படும் ஒரே அடைவிலிருந்து மரம்போல் கிளைக்கின்றன. புதிய வன்தட்டு தனி மரமாக நிற்பதில்லை. இருக்கும் மரத்தில் ஓர் அடைவோடு இணைக்கப்பட்டுக் கிளையாகிறது. இவ்விணைப்பே 'மவுன்ட்' எனப்படுகிறது.

பொருத்தும் முறை

முதலில் கணினியை நிறுத்தி, மின்இணைப்பைத் துண்டிக்க வேண்டும். கணினிப் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் தேங்கிய நிலைமின்னை நீக்குதல் நன்று. வன்தட்டைத் திருகாணிகளால் பொருத்தி, தரவு வடத்தையும் மின்வடத்தையும் செருக வேண்டும்.

கணினியை இயக்கியபின் வன்தட்டுகளின் பட்டியலைப் பார்க்க வேண்டும். பழையது 'எஸ்.டி.ஏ.' என்றும் புதியது 'எஸ்.டி.பி.' என்றும் பெரும்பாலும் தோன்றும். பிறகு புதிய வன்தட்டில் பகுதி அமைத்து, 'இ.எக்ஸ்.டி.4' போன்ற கோப்பு முறைமையை உருவாக்க வேண்டும். இதனை வடிவமைத்தல் என்பர்.

இங்குதான் மிகுந்த கவனம் தேவை. பெயரை மாற்றி இட்டால், சேர்த்துவைத்த படங்கள் உள்ள பழைய வன்தட்டே அழிந்துபோகும். தவறான இடத்தில் உளி பட்ட பாறை முன்போல் ஆவதில்லை. எனவே, கட்டளையிடுவதற்கு முன் வன்தட்டின் கொள்ளளவையும் தயாரிப்பு எண்ணையும் ஒப்பிட்டு உறுதிசெய்தல் கட்டாயம்.

அடுத்து, 'படங்கள்' என்ற வெற்று அடைவை உருவாக்கி, புதிய பகுதியை அதனோடு இணைக்க வேண்டும். இவ்விணைப்பு கணினியை நிறுத்தும்வரைதான் நிலைக்கும். ஒவ்வொரு முறையும் தானாக இணைய, 'எஃப்.எஸ்.டேப்' என்னும் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்னும் பெயர்கள் அடுத்த இயக்கத்தில் இடம் மாறக்கூடும். ஆதலால், அப்பகுதிக்கே உரிய 'யூ.யூ.ஐ.டி.' என்னும் நீண்ட அடையாள எண்ணை அவ்வரியில் எழுதுவதே பாதுகாப்பானது.

இடமும் காப்பும்

இரண்டாவது வன்தட்டு இருப்பதாலேயே படங்களுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. படங்களைப் புதிய வன்தட்டுக்கு மாற்றிவிட்டுப் பழையதில் அழித்தால், படி ஒன்றுதான். புதியது பழுதானால் அனைத்தும் போய்விடும். இரண்டிலும் படி இருந்தால் ஒன்று பழுதானாலும் மற்றொன்று காக்கும். கணினி இருக்கும் கட்டடத்திற்கு வெளியே மூன்றாவது படி ஒன்றும் இருத்தல் வேண்டும். வெள்ளமும் தீயும் வன்தட்டுகளை எண்ணிப் பார்ப்பதில்லை.

தெரியுமா?

இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளம், லினக்ஸ் வகைகளுள் ஒன்றான டெபியனை அடிப்படையாகக் கொண்டது. இங்குக் கூறிய முறை அதற்கும் பொருந்தும்.