ரயில் வராத ஊர்

அமெரிக்காவின் நடுப்பகுதியில் இருக்கிறது கான்சாஸ் மாநிலம். அதன் வடமேற்கே, சாலமன் ஆற்றங்கரையில் ஒரு குக்கிராமம். பெயர் நிக்கோடெமஸ். இன்று அங்கே நிரந்தரமாகக் குடியிருப்போரை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை ஊர் நிரம்பி வழிகிறது.

அந்த வட்டாரத்தைப் 'பிரெய்ரி' என்பார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்வெளிதான். மலை இல்லை, ஆற்றோரம் தவிர மரமும் இல்லை. கோடையில் அனல் காற்று, குளிர்காலத்தில் பனிப்புயல். மழையை நம்ப முடியாது.

5 டாலர் கட்டணம்

அமெரிக்காவில் அடிமை முறை 1865-ல் ஒழிந்தது. ஆனால் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குத் தென்மாநிலங்களில் நிலமும் இல்லை, நிம்மதியும் இல்லை. மேற்கே கான்சாசிலோ, ஐந்து ஆண்டு குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தமாகும் என்று 1862-ம் ஆண்டுச் சட்டம் சொன்னது.

ஹில் என்ற வெள்ளையரும், ஸ்மித் என்ற கறுப்பினப் பாதிரியாரும், வேறு சிலரும் சேர்ந்து 1877-ல் இந்த ஊரைத் தொடங்கினார்கள். 5 டாலர் கட்டினால் கான்சாஸ் போகலாம் என்று கென்டக்கி மாநிலத்தில் நோட்டீஸ் பறந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் சுமார் 300 பேர் வந்து இறங்கினார்கள். எல்லிஸ் ரயில் நிலையத்திலிருந்து ஊருக்கு ஏறத்தாழ 35 மைல், நடந்தே வந்தார்கள்.

தரையிலிருந்து புகை

மறு ஆண்டு வசந்த காலத்தில் கணவருடன் வந்தவர் வில்லியானா ஹிக்மன். ஊர் எங்கே என்று கேட்டார். கணவர் கை காட்டிய இடத்தில் வீடு ஏதும் தெரியவில்லை. தரையிலிருந்து புகை மட்டும் கிளம்பியது. மரம் இல்லாததால் மக்கள் மண்ணைக் குடைந்து, குழி வீடுகளில் வாழ்ந்தார்கள். அந்த அம்மாள் அழுதுவிட்டார்.

பல குடும்பங்கள் வந்த வழியே திரும்பிவிட்டன. மற்றவர்கள் தாக்குப்பிடித்தார்கள். முதல் குளிர்காலத்தில், வேட்டையாடித் திரும்பிய ஓசேஜ் பூர்வகுடியினர் இறைச்சி கொடுத்துக் காப்பாற்றினார்கள் என்று ஊரார் வழிவழியாகச் சொல்லி வந்தனர். ஆண்கள் பலர் ரயில் பாதை வேலைக்கும் பண்ணை வேலைக்கும் வெளியூர் போனார்கள். பெண்கள் ஊரில் இருந்து மண்வெட்டி பிடித்தார்கள்.

குமாஸ்தா உயர்ந்தார்

1878-ல் இங்கு குடியேறியவர்களில் ஒருவர் எட்வர்ட் மெக்கேப். சிகாகோவில் குமாஸ்தா வேலை பார்த்தவர். இங்கே மாவட்ட எழுத்தர் ஆனார். 1882-ல் மாநிலத் தணிக்கை அதிகாரியாக மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர். கான்சாசில் மாநில அளவில் அப்படிப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவரே.

ஊரும் வளர்ந்தது. கடைகள், ஓட்டல், பள்ளிக்கூடம், தேவாலயங்கள், இரண்டு பத்திரிகைகள் எல்லாம் வந்தன. இனி ரயில்தான் பாக்கி. 1887-ல் மிசூரி பசிபிக் ரயில் கம்பெனிக்கு 16,000 டாலர் கடன் பத்திரம் தர ஊரார் வாக்களித்தார்கள். அந்த ரயில் வரவில்லை. மறு ஆண்டு யூனியன் பசிபிக் கம்பெனி ஆற்றின் தென்புறமாகப் பாதை போட்டது. நிலையம் சில மைல் தள்ளி, போக் என்ற இடத்தில் அமைந்தது. வியாபாரிகள் கடையைக் கட்டிக்கொண்டு அங்கே போனார்கள்.

பின்னர் 1930-களின் வறட்சியும் புழுதிப் புயலும் மிச்சம் இருந்தவர்களில் பலரை விரட்டின. தபால் நிலையம் 1953-ல் மூடப்பட்டது. பள்ளிக்கூடமும் மூடப்பட்டது.

ஜூலை மாதக் கூட்டம்

ஆனாலும் ஊர் அழியவில்லை. ஒவ்வொரு ஜூலைக் கடைசியிலும் விடுதலை விழா நடக்கிறது. கான்சாஸ் நகரங்களிலிருந்தும் தொலைதூர மாநிலங்களிலிருந்தும் பேரன் பேத்திகள் வந்து கூடுகிறார்கள். ஊர்வலம், பாட்டு, விருந்து எல்லாம் உண்டு. 1996-ல் அமெரிக்க அரசு இவ்வூரைத் தேசிய வரலாற்றுத் தலம் ஆக்கியது. பழைய பள்ளிக்கூடம், ஓட்டல், இரண்டு தேவாலயங்கள், ஊர் மன்றம் ஆகிய ஐந்து கட்டிடங்கள் பாதுகாக்கப்படுகின்றன.

இங்கு பிறக்காதவர்கள்கூட, "எங்கள் ஊர்" என்றே நிக்கோடெமசைச் சொல்கிறார்கள். பாட்டன் குடைந்த மண் அங்கே இருக்கிறது. அது போதும் அவர்களுக்கு.