பழவேற்காட்டில் தங்காத பண்டிகை ரொட்டி



பண்டிகை என்றால் நமக்கு எண்ணெய்ச் சட்டி நினைவுக்கு வரும். மேலை நாட்டாருக்கோ கனல் அடுப்பு நினைவுக்கு வரும். கோதுமை மாவைப் புளிக்க வைத்து, சர்க்கரையும் வெண்ணெயும் முட்டையும் சேர்த்து, அதை மூன்று பிரிகளாக உருட்டிச் சடை பின்னுவது போலப் பின்னி, அடுப்பினுள் வைத்துச் சுட்டெடுப்பர். செக் நாட்டார் இத்தகைய பின்னல் ரொட்டியைக் கிறிஸ்துமஸ் விழாவுக்கும், கிரேக்கர் ஈஸ்டர் திருநாளுக்கும் செய்கின்றனர். யூதர்கள் வாரந்தோறும் வரும் தங்கள் ஓய்வுநாளில் பின்னல் ரொட்டியை மேசையில் வைத்து வழிபட்ட பின்னரே உண்கின்றனர்.

இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ரொட்டி ஒன்று நம் கடற்கரைக்கு மிக அருகில் வந்து குடியேறியிருக்கிறது. இலங்கையில் அதற்குப் புரூடர் என்று பெயர். ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், விட்டுச் சென்ற பண்டம் அது. அவர்கள் 1656-ஆம் ஆண்டில் கொழும்பைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றி, 1796 வரை அங்கு ஆண்டனர். அவர்கள் வழிவந்த பறங்கியர் குடும்பங்களில், கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆகிய நாட்களின் காலை உணவில் புரூடர் இடம்பெறுவது மரபு. சிவப்பு மெழுகு பூசிய ஈடம் என்னும் ஒல்லாந்துப் பாலாடைக் கட்டியும் உடன் இருக்கும். கொச்சிக் கோட்டைப் பகுதியிலும் இந்த ரொட்டி அதே பெயரோடு வழங்குகிறது. கொச்சியும் 1663 முதல் 1795 வரை ஒல்லாந்தர் வசம் இருந்த ஊரே.

அப்படியானால் பழவேற்காடு என்ன ஆயிற்று?

இக்கேள்வியை என்னிடம் கேட்டவன் ஒரு மாணவன். பழவேற்காட்டு ஏரிக்கரைப் பள்ளியொன்றில் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, பிள்ளைகளை ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்வது வழக்கம். வாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். பிள்ளைகளுக்கு அவற்றைக் காண்பதில் தனி ஆவல். உள்ளே சென்று பெயர்களையும் ஆண்டுகளையும் படித்துக் காட்டுவேன். ஒரு முறை கோட்டைக்குப்பத்து மீனவர் வீட்டுப் பையன் ஒருவன், "ஐயா, இவங்க செத்தது மட்டும்தான் தெரியுது, என்ன சாப்பிட்டாங்க, எங்க சமைச்சாங்க?" என்றான். வரலாற்றுப் பாடநூல்கள் கேட்க மறந்த கேள்வி அது.

சந்திரகிரி மன்னரின் அனுமதியை 1610-இல் பெற்ற ஒல்லாந்தர், 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்தனர். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரையில், சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்களுடைய தலைமை இடம் பழவேற்காடுதான். இடையே ஆங்கிலேயர் சில காலம் கைப்பற்றி வைத்திருந்தபோதிலும், ஒல்லாந்தர் உரிமை முற்றிலும் நீங்கியது 1825-இல். கொழும்பில் அவர்கள் ஆண்டது நூற்று நாற்பது ஆண்டு. பழவேற்காட்டோடு கொண்ட தொடர்போ இருநூறு ஆண்டுக்கும் மேல். ஆயினும் நான் பணியாற்றிய காலத்தில், ஏரியைச் சூழ்ந்த குப்பங்களில் எந்த வீட்டிலும் இந்த ரொட்டியைக் கண்டதில்லை. மகிமை மாதா கோயிலைச் சார்ந்த கிறிஸ்தவ இல்லங்களில் கிறிஸ்துமஸ் நாளில் எனக்குக் கிடைத்தவை அச்சு முறுக்கும் அதிரசமும்தாம். ஓலைக் கொட்டானில் வைத்துக் கொடுப்பார்கள். பின்னல் வேலை இவ்வூருக்குப் புதிதன்று. பனையோலையை இவ்வூர்ப் பெண்கள் பின்னும் நேர்த்தி பெரிது.

ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தால் விடை கிடைக்காது. மனிதர்களைப் பார்க்க வேண்டும். இலங்கையில் ஆட்சி போன பின்னும் ஒல்லாந்தர் வழியினர் பலர் அங்கேயே தங்கினர். 1908-இல் கொழும்பில் தமக்கென ஒரு சங்கமும் கண்டனர். பாட்டி செய்ததைப் பேத்தி செய்தாள். பழவேற்காட்டில் தலைமை இடம் பெயர்ந்தபோதே ஊர் தேயத் தொடங்கியது. உணவு மரபு என்பது செய்யும் கைகளோடு போவது. கைகள் போனால் மரபும் போம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இத்துறையிலிருந்து துணிகளோடு மனிதர்களையும் ஒல்லாந்தர் ஏற்றிச் சென்றனர். பதினேழாம் நூற்றாண்டின் பஞ்சங்களில் ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகப் பட்டேவியா முதலிய இடங்களுக்குக் கப்பலேறினர். அத்தகைய ஊரில், ஒல்லாந்தர் வீட்டுப் பண்டத்தைத் தன் பண்டமாகக் கொண்டாட எவருக்கு மனம் வரும்?

இனி, மற்றொரு காரணத்தைப் பார்ப்போம். அது தானியத்தைப் பற்றியது. அறிவியல் பயில்வோர் இங்கே சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டும்.

கோதுமை மாவில் நீர் ஊற்றிப் பிசைந்தால், அதிலுள்ள இரு புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து குளூட்டன் என்னும் இழுபடும் பொருளாகின்றன. மாவினுள் கண்ணுக்குத் தெரியாத ஒரு வலை விரிகிறது என்று கொள்ளுங்கள். ஈஸ்ட் என்னும் நுண்ணிய காளான் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளியிடுகிறது. வலை அந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, மா உப்புகிறது. அரிசியில் இந்த வலை உருவாவதில்லை. அரிசி மாவைப் பிரியாக உருட்டிப் பின்னிப் பாருங்கள், மூன்றாம் மடிப்பில் முறிந்துவிடும். ஆதலால்தான் நம் முன்னோர் அதிரசத்திற்கு வெல்லப் பாகைப் பிணைப்பாக்கினர்; அச்சு முறுக்கிற்கு மாவைக் கரைத்து, காய்ந்த அச்சில் ஒட்டவைத்து, எண்ணெயில் உருவம் கொடுத்தனர். நெல் விளையும் நாட்டின் கூர்த்த அறிவு அது. இதைக் குறைவாக எண்ணுவோருடன் எனக்கு உடன்பாடில்லை.

ஈஸ்ட்டைப் பற்றி ஒரு செய்தி. 1680-இல், பழவேற்காடு இன்னும் தலைமை இடமாக இருந்த நாளில், ஒல்லாந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில் லேவன்ஹுக் என்பார் தாம் தேய்த்த சிறு கண்ணாடி வில்லையின் வழியே புளித்த பீரைப் பார்த்து, அதில் நுண்ணிய உருண்டைகள் இருக்கக் கண்டார். அவை உயிருள்ளவை, புளிப்பு அவற்றின் செயல் என்பதை 1857-இலும் அதன் பின்னும் பாஸ்டர் நிறுவினார். கோவாவில் ரொட்டிக்கும் இலங்கையில் ஆப்பத்திற்கும் கள்ளே புளிப்பாகப் பயன்பட்டது. கள்ளிலும் இருப்பது ஈஸ்ட்தான். பழவேற்காட்டில் பனைக்குக் குறைவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை உள்ளமையால், மாணவர்கள் கடையில் விற்கும் உலர் ஈஸ்ட்டையே நாடுவது நலம்.

புரூடர் செய்யும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. சர்க்கரை, வெண்ணெய், முட்டை ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே மாவில் கொட்டுவதில்லை. முதலில் வெறும் ரொட்டி மாவைப் பிசைந்து பொங்க வைக்கின்றனர். பழைய நாளில் அந்த மாவை ரொட்டிக் கடையிலிருந்தே வாங்கி வருவார்களாம். பின்னரே மற்றவற்றைச் சேர்ப்பர். ஏன் என்றால், மிகுந்த சர்க்கரை ஈஸ்ட்டிலிருந்து நீரை உறிஞ்சி அதைச் சோர்வடையச் செய்யும். வெண்ணெய் புரதத்தின் மேல் படிந்து வலை பின்னப்படுவதைத் தடுக்கும். வலை முதலில் விரிந்து உறுதிப்பட வேண்டும். அதன் பிறகே சுமை ஏற்றலாம். வலைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க நான் சிரமப்பட்டதே இல்லை.

பொங்கிய ரொட்டி மா அரைக் கிலோவுக்கு வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 125 கிராம், முட்டையின் மஞ்சட்கரு ஐந்து, உலர்ந்த திராட்சை ஒரு கைப்பிடி போதும். மஞ்சட்கருவையும் சர்க்கரையையும் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கையால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தொடக்கத்தில் மா பிரிந்து குழகுழவென்று ஆகும். கைவிட்டுவிடாதீர்கள், பத்து நிமிடத்தில் மீண்டும் ஒன்றுகூடும். இளகிய வெண்ணெயையும் திராட்சையையும் இறுதியில் சேர்க்கலாம். இம்மா மிக நெகிழ்ந்தது, தானே நிற்காது. ஆகவே வெண்ணெய் தடவிய, விளிம்பில் வரிகள் அமைந்த அச்சுப் பாத்திரத்தில் பாதியளவுக்கு ஊற்றி, அது மேலே எழும் வரை மூடி வைக்க வேண்டும். பின்னலாகவே வேண்டும் என்று விரும்புவோர் வெண்ணெயையும் சர்க்கரையையும் பாதியாகக் குறைத்து, மஞ்சட்கரு இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மா இறுகியிருந்தால்தான் பிரி பிரியாக நிற்கும். பிரிகளை நடுவிலிருந்து தொடங்கி இரு முனைகளுக்கும் பின்னினால் இரு பக்கமும் ஒத்து வரும். இழுத்துப் பின்னினால் வெந்து விரியும்போது பிளந்துவிடும்.

மின்னடுப்பு உள்ளவர்கள் 180 பாகை வெப்பத்தில் நாற்பது நிமிடம் சுடலாம். இல்லாதவர்கள் வருந்த வேண்டா. கனத்த பாத்திரத்தின் அடியில் இரண்டு விரற்கடை மணல் பரப்பிச் சூடேற்றி, உள்ளே ஒரு வளையம் வைத்து, அதன்மேல் ரொட்டிப் பாத்திரத்தை இருத்தித் தட்டால் மூடி, தட்டின் மேல் தணல் இடுங்கள். மேலும் கீழும் ஒரே அளவான வெப்பம் கிடைக்கும். மணலுக்குப் பழவேற்காட்டில் பஞ்சமா? ஆனால் கடல் மணலை நல்ல நீரில் இருமுறை கழுவி உலர்த்திக்கொள்ளுங்கள்.

மெல்லிய ஈர்க்கைக் குத்தி எடுத்தால் மா ஒட்டாமல் வரவேண்டும், அதுவே பதம். எடுத்தவுடன் கத்தி வைக்காதீர்கள். உள்ளிருக்கும் ஆவி அடங்குமுன் அறுத்தால் பஞ்சு போன்ற பகுதி களியாக ஒட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரம் பொறுத்து, துண்டு போட்டு, வெண்ணெய் தடவிக் கொடுங்கள். மறுநாள் மீந்ததைத் தோசைக் கல்லில் இருபுறமும் வாட்டினால் முதல் நாளினும் சுவையாக இருக்கும்.