ஒரே கடல், ஒரே உணவு, இரண்டு சல்லடைகள்

மாணவர்களே, சந்தையில் கெம்போங் மீன் வாங்கும்போது அம்மா முதலில் என்ன செய்வார்? செவுள் மூடியைத் தூக்கி, உள்ளே சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார். அடுத்த முறை நீங்களும் எட்டிப் பாருங்கள். சிவந்த இழைகளுக்கு எதிர்ப்பக்கத்தில், சீப்பின் பற்களைப் போல நீண்ட முட்கள் வரிசையாக நிற்கும். மீன் எதைத் தின்று வளர்ந்தது என்பதற்கு அந்தச் சீப்பு ஒரு சாட்சி.

கெம்போங்கின் உணவு பிளாங்டன் எனப்படும் மிதவை உயிரிகள். டயாட்டம் போன்ற தாவர மிதவைகளும், கோப்பிபாட், இறால் குஞ்சு போன்ற விலங்கு மிதவைகளும் இதில் அடங்கும். மீன் வாயைத் திறந்தபடி நீந்தும்போது நீர் செவுள் வழியாக வெளியேறிவிடும். உணவு சீப்பில் தங்கிவிடும். தேநீர் வடிகட்டியைப் போலத்தான்!

கெம்போங் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அதில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. மலாக்கா நீரிணையில் பிடிபடும் இரண்டு இனங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று ராஸ்ட்ரெல்லிகர் கனகுர்தா. மற்றொன்று ராஸ்ட்ரெல்லிகர் பிராக்கிசோமா. இதன் உடல் சற்று அகலமாக இருக்கும்.

இரண்டின் சீப்பிலும் முட்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு முள்ளிலும் நுண்ணிய இழைகள் உண்டு. 19 செ.மீ. நீளமுள்ள மீனின் மிக நீண்ட முள்ளை எடுத்து ஒரு பக்க இழைகளை எண்ணினால், கனகுர்தாவில் சுமார் 160, பிராக்கிசோமாவில் சுமார் 240 இருக்கும். அதாவது, பிராக்கிசோமாவின் சல்லடை நெருக்கமானது. அது மிகச் சிறிய விலங்கு மிதவைகளோடு தாவர மிதவைகளையும் நிறைய உண்கிறது. வளர்ந்த கனகுர்தாவோ இறால் குஞ்சு, மீன் குஞ்சு போன்ற பெரிய இரைகளை உண்கிறது.

குடலும் இதையே காட்டுகிறது. தாவர உணவு செரிக்க நேரமாகும். எனவே பிராக்கிசோமாவின் குடல் அதன் உடல் நீளத்தைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். கனகுர்தாவின் குடல் இரண்டு மடங்குகூட இல்லை.

அப்படியானால் இரண்டுக்கும் போட்டியே இல்லையா? இங்கேதான் கவனிக்க வேண்டும். கனகுர்தா இளம் வயதில் டயாட்டங்களையும் சிறு மிதவைகளையும்தான் உண்கிறது. அப்போது அதன் உணவும் பிராக்கிசோமாவின் உணவும் பெரிதும் ஒன்றாகின்றன. இதை ‘உணவு மேற்பொருந்தல்’ என்கிறோம்.

ஆனால் மேற்பொருந்தல் வேறு, போட்டி வேறு. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் எல்லாருக்கும் நாசி லெமாக் பிடிக்கும். நூறு பொட்டலம் இருந்தால் யாரும் சண்டை போடுவதில்லை. இரண்டே பொட்டலம் மிஞ்சினால்? உணவு குறையும்போதுதான் மேற்பொருந்தல் போட்டியாக மாறும்.

பெரு நாட்டுக் கடலில் நடந்ததைப் பாருங்கள். அங்குள்ள நெத்திலி பெரிய மிதவைகளைத் தேர்ந்து பிடிக்கும். மத்தி மீன் நெருக்கமான சல்லடையால் சிறியவற்றையும் வடித்து உண்ணும். 1970-இல் 10 மில்லியன் டன்னுக்கும் அதிகமான நெத்திலி பிடிபட்டது. 1972-இல் எல் நினோ வந்து கடல்நீர் வெப்பமானது; ஆழத்திலிருந்து மேலெழும் சத்துகள் குறைந்தன. அளவுக்கு மீறிய மீன்பிடிப்பும் சேர்ந்துகொள்ள, 1973-இல் நெத்திலி 2 மில்லியன் டன்னுக்கும் கீழே சரிந்தது. பின்னர் மத்தி பெருகியது. வெப்பமான நீரில் மிதவைகள் சிறியவையாகிவிடுவதால் நெருக்கமான சல்லடை உள்ள மீனுக்குச் சாதகமாகிறது என்பது, ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களுள் ஒன்று.

கண்ணுக்குத் தெரியாத மிதவைகளின் அளவு மாறினால், மீனவரின் வலையில் விழும் மீனும் மாறலாம். நம் தட்டில் விழுவதும் மாறலாம். கடல் வெப்பமாகிவரும் இக்காலத்தில் இது வெறும் பாடப்புத்தகச் செய்தி அல்ல.

செய்து பாருங்கள்: அடுத்த முறை வீட்டில் மீன் சுத்தம் செய்யும்போது, ஒரு கெம்போங்கின் செவுளையும் குடலையும் கேட்டு வாங்குங்கள். கையுறை அணிந்து, குடலை நீட்டி அளவுகோலால் அளந்து, மீனின் நீளத்தால் வகுங்கள். விடை இரண்டுக்குக் கீழா, மூன்றுக்கு மேலா? உங்கள் வீட்டுக்கு வந்த கெம்போங் எது என்று அப்போது ஊகித்துவிடலாம்.