தவறின் விலை

ஒரு முயற்சியின் செலவைக் கணக்கிடும்போது, அதில் நேரும் தவறுகளைத் திருத்த ஆகும் செலவை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டாண்டனின் கலைப்பயணம் அதை நினைவூட்டுகிறது.

1990-இல் பிக்ஸார் நிறுவனத்தில் சேர்ந்த அவர், 1995-இல் வெளிவந்த 'டாய் ஸ்டோரி'யின் கதாசிரியர்களுள் ஒருவர். அவர் இயக்கிய 'ஃபைண்டிங் நீமோ' (2003), 'வால்-ஈ' (2008) ஆகிய இரண்டுமே சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதை வென்றன. மகனைத் தேடிக் கடல் கடக்கும் ஒரு மீனும், குப்பைமேடாகிவிட்ட பூமியில் தனித்து உழைக்கும் ஓர் இயந்திரமும் உலகெங்கும் குழந்தைகளின் மனத்தில் இடம்பிடித்தன.

இவ்வெற்றிக்கு அவரது திறமை மட்டுமன்றி, பணிமுறையும் காரணம். அனிமேஷனில் முதலில் காட்சிகளைக் கோட்டோவியங்களாக வரைந்து, தற்காலிகக் குரல்களைச் சேர்த்து, முழுப் படத்தையும் ஓட்டிப் பார்ப்பார்கள். சக கலைஞர்கள் குறைகளைச் சுட்டுவார்கள்; மீண்டும் வரைவார்கள். தாய்மீனின் மரணத்தை, 'நீமோ' படம் நெடுகிலும் நினைவுக் காட்சிகளாகச் சிதறவிடவே ஸ்டாண்டன் முதலில் எண்ணியிருந்தார். அப்படிச் செய்தால் தந்தைமீனின் அச்சம் எரிச்சலூட்டுவதாகவே தோன்றியது. அந்த மரணத்தைத் தொடக்கத்துக்கே மாற்றியதும் தந்தைமீது பரிவு பிறந்தது. ஓவிய நிலையிலேயே திருத்தியதால் அத்தவறின் விலை சொற்பம்.

நடிகர்களைக் கொண்டு அவர் இயக்கிய முதல் படம் 'ஜான் கார்ட்டர்' (2012). இங்கு அரங்குகளும் படப்பிடிப்புக் குழுவும் நடிகர்களின் தேதிகளும் முன்கூட்டியே உறுதியாக வேண்டும். ஒரு காட்சியை மாற்றுவதென்றால் அனைத்தையும் மீண்டும் கூட்ட வேண்டும். 25 கோடி டாலருக்கும் மேல் செலவான அப்படம் உலகளவில் ஏறத்தாழ 28 கோடி வசூலித்தது. இது லாபம்போலத் தோன்றலாம். ஆனால், வசூலில் கணிசமான பங்கு திரையரங்குகளுக்குச் செல்லும். விளம்பரச் செலவோ தனி. படம் வெளியான இரு வாரங்களுக்குள், சுமார் 20 கோடி டாலர் இழப்பை எதிர்பார்ப்பதாக டிஸ்னி அறிவித்தது. மறுமாதமே அதன் திரைப்படப் பிரிவுத் தலைவர் பதவி விலகினார். பலவீனமான விளம்பரமும் தோல்விக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது.

ஸ்டாண்டன் அனிமேஷனுக்குத் திரும்பினார். 'நீமோ'வின் தொடர்ச்சியான 'ஃபைண்டிங் டோரி' (2016) 100 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. முதலீட்டாளர்கள் இதிலிருந்து எளிதான பாடத்தையே கற்பார்கள்: ஏற்கெனவே விற்றதையே மீண்டும் விற்பது பாதுகாப்பு.

அந்தப் பாடம் முழுமையானதன்று. வசனம் குறைந்த 'வால்-ஈ' போன்றதொரு படம், பாதுகாப்பை மட்டுமே நாடும் கணக்கில் பிறந்திருக்காது. துணிவற்ற துறை குழந்தைகளுக்குப் பழைய கதைகளையே புது உறையிட்டுத் தரும். புதுமை வேண்டுமெனில், தவறு செய்வதைத் தடுப்பதைவிட, அதைத் தொடக்கத்திலேயே குறைந்த செலவில் செய்து பார்க்க இடமளிப்பதே அறிவுடைமை.